பொருளும் அறமும்: திருவண்ணாமலைக் கொடை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

அறம் செய்வதற்குப் பொருள் இன்றியமையாததா என்னும் வினா தமிழ் அறச்சிந்தனையில் பலமுறை எழுந்துள்ளது. பொருளில்லார் முழுமையான அறவோர் ஆதல் இயலாது என்பது ஒரு விடை. மனத்தூய்மையே போதும், பொருள் வேண்டியதில்லை என்பது மற்றொரு விடை. திருக்குறள், மணிமேகலை, பெரியபுராணம் ஆகிய நூல்களையும் திருவண்ணாமலையில் வழங்கும் கொடைச் செய்திகளையும் துணையாகக் கொண்டு, இவ்விரு விடைகளும் பொருள், உடைமை என்னும் இரண்டையும் ஒன்றாகக் கருதுவதால் எழுந்தவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அறம், பொருள், உடைமை, ஈகை, இரவு, ஆபுத்திரன், இளையான்குடிமாறனார், அம்மணியம்மாள், திருவண்ணாமலை.

முன்னுரை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் திருக்கோயிலின் கிழக்கு வாயிலில் 11 நிலைகளோடு 217 அடி உயரத்தில் நிற்பது இராசகோபுரம். விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் தொடங்கிய இப்பணியைத் தஞ்சை நாயக்கர் செவ்வப்பர் நிறைவு செய்தார். இதே கோயிலின் வடக்கு வாயிலில் 171 அடி உயரமுள்ள மற்றொரு கோபுரம் நிற்கிறது. இதற்கு எந்த வேந்தர் பெயரும் இல்லை. அம்மணியம்மன் கோபுரம் என்றே மக்கள் வழங்குகின்றனர். தமக்கென்று எதுவும் இல்லாத பெண் துறவி ஒருவர் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டி இதனைக் கட்டி முடித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

ஒரே மதிலில் அமைந்த இவ்விரு கோபுரங்களும் அறவியல் சார்ந்த ஒரு வினாவை எழுப்புகின்றன. கிருஷ்ணதேவராயர் செய்தது கொடை என்பதில் ஐயமில்லை. அம்மணியம்மாள் தமது பொருள் எதனையும் கொடுக்கவில்லை. அவ்வாறாயின் அவர் செய்ததைக் கொடை எனலாமா? கொடை எனின், கொடைக்குச் செல்வம் வேண்டும் என்னும் பொதுக்கருத்தை எவ்வாறு புரிந்துகொள்வது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் இன்றியமையாமை

அறத்திற்குச் செல்வம் கட்டாயத் தேவை என்று கொண்டால், வறியோர் அறவாழ்வின் வெளியே நிறுத்தப்படுவர். அவர்கள் என்றென்றும் பெறுவோராகவே எண்ணப்படுவர். கொடுப்போர் என்னும் தகுதி அவர்களுக்கு வாய்க்காது. மாறாக, அறத்திற்குப் பொருளே வேண்டாம், நல்ல மனம் போதும் என்று கொண்டால், பசித்தவனுடைய பசி பொருட்படுத்தப்படாமல் போகும். செல்வம் உடையோரும் தம் நல்லெண்ணத்தைக் காட்டிக் கொடுக்கும் கடமையிலிருந்து விலகிக்கொள்ள இயலும். முதல் விடை வறியோர் மாண்பைக் குறைக்கிறது. இரண்டாம் விடை செல்வர் கடமையைக் குறைக்கிறது. எனவே இரண்டையும் விலக்கிய விடை ஒன்று தமிழ் மரபில் உள்ளதா என்று காண்பது தேவையாகிறது.

வள்ளுவரிடம் பொருளின் இடம்

திருக்குறளில் இரு விடைகளுக்கும் இடம் இருப்பதுபோல் முதல் நோக்கில் தோன்றும். மனத்தில் குற்றமின்றி இருத்தலே அறம் முழுவதும் ஆகும் என்கிறது 34ஆம் குறள். இதற்குப் பொருள் எதுவும் வேண்டியதில்லை. மனமுவந்து கொடுப்பதைவிட முகமலர்ந்து இனிய சொல் கூறுதல் நன்று என்கிறது 92ஆம் குறள். இதுவும் வறியோர்க்கு இயல்வதே. திருமந்திரத்தில் திருமூலர், இறைவனுக்கு ஓர் இலையும் பசுவுக்கு ஒரு வாய்ப் புல்லும் உண்ணும்போது ஒரு பிடி உணவும் பிறர்க்கு இனிய சொல்லும் அளித்தல் எல்லார்க்கும் கூடும் என்று உரைப்பது இதனோடு ஒத்து நோக்கத்தக்கது. எவரும் விலக்கப்படாதவாறு அறத்தின் வாயிலை அவர் தாழ்த்தி அமைக்கிறார்.

ஆயினும் வள்ளுவர் பொருளின் தேவையை மறுக்கவில்லை. அன்பு ஈன்ற அருள் என்னும் குழந்தையை வளர்க்கும் செவிலியாகச் செல்வத்தை 757ஆம் குறள் உருவகிக்கிறது. இவ்வுருவகம் ஊன்றி நோக்குதற்குரியது. அருளுக்குத் தாய் அன்பு, செல்வம் தாயன்று. செவிலி குழந்தையைப் பெறுவதில்லை, வளர்க்கிறாள். எனவே செல்வம் அறத்தைத் தோற்றுவிப்பதன்று. தோன்றிய அறத்தை வளர்ப்பது என்பது பெறப்படும். தீமையின்றி நல்வழியில் ஈட்டிய பொருள் அறத்தையும் இன்பத்தையும் தரும் என்னும் 754ஆம் குறளும் எல்லாப் பொருளும் அறம் தரும் என்று கூறவில்லை. ஈட்டும் வழியை நிபந்தனையாக முன்வைக்கிறது.

வறுமையை வள்ளுவர் போற்றவில்லை என்பதும் இங்குக் குறிக்கத்தக்கது. நல்ல பொருளை நன்கு உணர்ந்து சொன்னாலும் வறியவர் சொல் ஏற்கப்படாது என்னும் 1046ஆம் குறள், வறுமை ஒருவரின் சொல்லுக்குரிய மதிப்பையும் பறிப்பதை எடுத்துரைக்கிறது. ஈதல் இயலாத நிலையில் சாவும் இனிதாகும் என்று 230ஆம் குறள் கூறும்போது, கொடுக்க மனமிருந்தும் பொருளில்லாதவரின் துயரமே பேசப்படுகிறது. மனம் இருந்தால் போதும் என்பதே வள்ளுவரின் முடிந்த முடிபாயின் இத்துயரத்திற்கு இடமிராது. மேலும், கடமை அறிந்த அறிவுடையோர் செல்வம் சுருங்கிய காலத்தும் ஒப்புரவுக்குத் தளரார் என்னும் 218ஆம் குறள், அறவுணர்வு செல்வத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்வதில்லை என்பதை உறுதி செய்கிறது. ஆகவே வள்ளுவரிடம் முரண்பாடு இல்லை; அறம் மனத்தில் தோன்றுவது, பொருளின் வழியாகப் பிறரைச் சென்றடைவது என்னும் இருநிலைக் கொள்கையே உள்ளது எனலாம்.

அரிஸ்டாட்டிலின் நிலைப்பாடு

இவ்வினாவுக்குக் கிரேக்க மரபில் அரிஸ்டாட்டில் தெளிவான விடை தந்துள்ளார். நிக்கோமாக்கிய அறவியல் என்னும் நூலின் நான்காம் பகுதியில் பொருள் தொடர்பான இரு பண்புகளை அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று ஈகைப்பண்பு. இது கொடுக்கும் அளவைப் பொறுத்ததன்று, கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. எனவே குறைவாகக் கொடுப்பவர், குறைந்த பொருளிலிருந்து கொடுப்பாராயின், மிகுதியாகக் கொடுப்பவரினும் சிறந்த ஈகையாளராக இருத்தல் கூடும். மற்றொன்று பெருஞ்செலவுப்பண்பு. கடவுளர்க்குரிய பணிகள், ஊர்ப் பொதுப்பணிகள் முதலியவற்றில் தகுதியறிந்து பெரும்பொருள் செலவிடுதல் இதன்பாற்படும். வறியவர் இப்பண்பை உடையவராதல் இயலாது, அதற்கு முயல்பவர் அறிவிலி என்பது அவர் கருத்து.

இப்பாகுபாட்டின்படி நோக்கினால் கோயில் கோபுரம் எழுப்புதல் பெருஞ்செலவுப்பண்புக்கு மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு. இராசகோபுரம் அரிஸ்டாட்டிலின் கருத்துக்கு இயைகிறது. அம்மணியம்மன் கோபுரம் இயையவில்லை. பெரும்பணிக்குரிய பெரும்பொருள் செய்பவரின் சொந்தப் பொருளாகவோ அவர் முன்னோர், உறவினர் வழி வந்ததாகவோ இருக்க வேண்டும் என்று அரிஸ்டாட்டில் கொள்வதே இம்முரணுக்குக் காரணம். பிறர் பொருளை இரந்து பெற்றுப் பிறர்க்கே ஆக்கும் வறியவர் ஒருவரை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. தமிழ் இலக்கியம் எண்ணிப் பார்த்திருக்கிறது.

வறியோர் அறம்: இலக்கியம் காட்டும் மூன்று நிலைகள்

பொருளில்லாதவர் அறம் செய்ய விழையும்போது என்ன செய்வார் என்னும் வினாவுக்குத் தமிழ் இலக்கியங்களில் மூன்று நிலைகளைக் காணமுடிகிறது.

முதல் நிலை, மனத்தால் செய்தல். பெரியபுராணத்தில் திருநின்றவூர்ப் பூசலார் இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடியும் கிடைக்காமையால், மனத்துக்குள்ளேயே கல்லும் மரமும் சேர்த்துக் கோயில் எழுப்பினார். காஞ்சியில் காடவர்கோன் எழுப்பிய கற்றளியின் குடமுழுக்கு நாளை மாற்றுமாறு இறைவன் மன்னன் கனவில் பணித்துப் பூசலாரின் கோயிலுக்கு முதன்மை தந்தார். மனத்தூய்மையே போதும் என்னும் கொள்கைக்கு இதனினும் வலிய சான்று இல்லை. ஆனால் இச்சான்றுக்கு ஓர் எல்லை உண்டு. இங்குப் பெறுபவர் இறைவன். இறைவனுக்குத் தேவை எதுவும் இல்லையாதலால் மனக்கோயில் அவருக்குப் போதுமானதாயிற்று. பசித்து வந்த விருந்தினர்க்கு மனத்தில் சமைத்த சோறு போதாது. எனவே பூசலார் காட்டும் வழி வழிபாட்டுக்குப் பொருந்துமேயன்றி ஈகைக்குப் பொருந்தாது.

இரண்டாம் நிலை, எஞ்சியதைக் கொடுத்தல். இளையான்குடிமாறனார் செல்வராய் இருந்து அடியார்க்கு அமுதளித்தவர். வறுமையிலும் அவர் இப்பணியைச் செய்யவல்லார் என்பதை உலகறியச் செய்யவே இறைவன் அவர் செல்வத்தைச் சுருக்கினார் என்று சேக்கிழார் காரணம் கூறுகிறார். அறத்தையும் செல்வத்தையும் பிரித்துப் பார்க்கும் ஒரு சோதனையாகவே இக்கதையை அவர் அமைத்துள்ளார் என்பது இதனால் விளங்கும். மழை பெய்யும் நள்ளிரவில் வந்த அடியார்க்காக மாறனார் அன்று விதைத்த நெல்லை வயலிலிருந்து வாரி வந்தார். முற்றாத கீரையைப் பறித்தார். விறகின்மையால் கூரையின் வரிச்சுகளை அறுத்து எரித்தார். விதைநெல் அடுத்த அறுவடை. கூரை அடுத்த மழைக்கான காப்பு. மாறனார் கொடுத்தது தமது நாளைய வாழ்வை என்பது இவ்விவரங்களால் புலனாகும். இருக்குவேளூர்க் கணம்புல்லரும் இவ்வகையினரே. செல்வம் இழந்தபின் தில்லையில் கணம்புல்லை அரிந்து விற்று நெய் வாங்கி விளக்கெரித்தார். புல் விலைபோகாத நாளில் புல்லையே எரித்தார். அதுவும் போதாதபோது தம் தலைமுடியை எரித்தார். இவர்களிடம் செல்வம் இல்லை. ஆனால் கொடுப்பதற்கு ஏதோ ஒன்று இருந்தது.

மூன்றாம் நிலை, இரந்து ஈதல். மணிமேகலையின் ஆபுத்திரன் இதற்குத் தலைசிறந்த சான்று. மதுரையில் ஓடேந்தி வீடுதோறும் இரந்து, பெற்றதைக் கண்ணிழந்தோர், கால் முடமானோர், ஆதரவற்றோர் முதலியோர்க்கு ஊட்டி, எஞ்சியதை உண்டு, அவ்வோட்டையே தலையணையாக வைத்து உறங்கினான். சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தது இதன் பின்னரே. எனவே அவனது அறம் அமுதசுரபியால் தோன்றவில்லை. இரந்த ஓட்டிலேயே அது நிறைவடைந்திருந்தது. பின்னர்ப் பாண்டிநாட்டில் மழை பெய்து வளம் பெருக, உண்பதற்கு எவரும் வரவில்லை. குறையாத கலம் கையில் இருந்தும் ஆபுத்திரனால் ஈய இயலவில்லை. மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, தன் ஒருவன் வயிற்றுக்காக அக்கலத்தைப் பயன்படுத்த விரும்பாது கோமுகிப் பொய்கையில் இட்டு உயிர்நீத்தான். பொருள் மட்டும் ஈகையை ஆக்குவதில்லை என்பதையும், பிறர் தேவையோடு இணையாத பொருள் எத்துணைப் பெரிதாயினும் அறமாகாது என்பதையும் சாத்தனார் இதன்வழி உணர்த்துகிறார்.

திருவண்ணாமலைச் சான்றுகள்

மேற்கண்ட கருத்துகளைத் திருவண்ணாமலை வரலாற்றிலும் மரபுச் செய்திகளிலும் பொருத்திக் காணலாம். கோயில் கல்வெட்டுகள் பொதுவாக நிலம், பொன், கால்நடை ஆகியவற்றைக் கொடுத்தோர் பெயர்களைத் தாங்குபவை. நந்தா விளக்குக்கு இத்தனை ஆடுகள் என்று அளவிட்டு எழுதும் சோழர்காலக் கல்வெட்டு முறை, கொடையை உடைமையின் வழியாகவே பதிவு செய்கிறது. உடைமை இல்லாதோர் செய்த அறம் பெரும்பாலும் கல்லில் ஏறாமல் மக்கள் வழக்கில் தங்கியது.

போசள மன்னர் மூன்றாம் வல்லாளர் 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்தார். கேட்டதைக் கொடுக்கும் வள்ளலாகச் சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணம் அவரைச் சித்திரிக்கிறது. துறவியாக வந்த இறைவன் பரத்தை ஒருத்தியை வேண்ட, மன்னனின் செல்வம் முழுவதும் இருந்தும் அவ்வூரில் ஒருத்தியும் கிடைக்கவில்லை. இளைய அரசி சல்லமாதேவி முன்வர, இறைவன் குழந்தையாகத் தோன்றினார் என்பது கதை. மனைவியைக் கொடைப்பொருளாகக் கருதும் இக்கதையின் பார்வை இன்று ஏற்கத்தக்கதன்று. ஆயினும் செல்வத்தால் நிறைவேறாத கொடையும் உண்டு என்பதைப் பெருஞ்செல்வரின் கதை வழியாகவே அது ஒப்புக்கொள்கிறது. மாசிமகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் அண்ணாமலையார் வல்லாளருக்கு மகன் நிலையில் நின்று நீத்தார் கடன் ஆற்றும் தீர்த்தவாரி இன்றும் நிகழ்கிறது. மன்னரின் செல்வத்தை நினைவுகூரும் விழாவாக அது அமையவில்லை.

அம்மணியம்மாள் பற்றிய செய்திகள் வாய்மொழியாக வழங்குபவை. செங்கம் அருகிலுள்ள சென்னசமுத்திரத்தில் பிறந்தவர் என்றும், எளியோர் வீடுகளிலும் மைசூர் அரண்மனையிலும் பொருள் பெற்றார் என்றும் கூறுவர். பொருள் தீர்ந்தபோது பணியாளர்க்குத் திருநீற்றை அளித்தார், அது அவரவர் உழைப்புக்கேற்ற கூலியாக மாறியது என்பது இவற்றுள் புகழ்பெற்ற செய்தி. இதனை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் மக்கள் மனத்தின் அறக்கருத்தாகக் கொள்ளலாம். திருநீறு சாம்பல், உடைமையின்மையின் குறியீடு. அச்சாம்பலும் கூலியாக மாறியாக வேண்டும் என்று கதை வற்புறுத்துகிறது. அம்மையார் துறவி என்பதால் கல் சுமந்தவர் கூலியின்றி உழைக்கலாம் என்று கதை கூறவில்லை. அவரவர் உழைப்புக்கேற்ப என்னும் கூற்று நேர்மையான பங்கீட்டையும் குறிக்கிறது. இவ்வாறு, செய்பவர்க்கு உடைமை வேண்டியதில்லை, செயலுக்குப் பொருள் வேண்டும் என்னும் வேறுபாட்டை இக்கதை தன்னுள் கொண்டுள்ளது.

இதற்கு மறுமுனையில் மிகச் சிறிய கொடைக்குச் சான்றாகக் கீரைப்பாட்டியைக் கூறலாம். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை வந்த வேங்கடராமன், பின்னாளில் இரமண மகரிஷி, கையில் எஞ்சியிருந்த சில ரூபாய்களையும் அன்றே எறிந்துவிட்டார். அவர் மலைமேல் வாழ்ந்த ஆண்டுகளில் குகை நமசிவாயர் கோயிலில் தங்கியிருந்த ஏழை மூதாட்டி ஒருவர் மலையில் கீரை பறித்துச் சமைத்து அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவரது இயற்பெயரைவிடக் கீரைப்பாட்டி என்னும் பெயரே வரலாற்றில் நின்றது. பொருளைத் துறந்தவரின் வாழ்வும் பொருளில்லாத ஒருவரின் கையால் வந்த உணவைச் சார்ந்திருந்தது. துறவறத்தார்க்கு இல்லறத்தார் துணை என்னும் பொது நெறியில் இல்லறத்தார் செல்வராக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனை இல்லை என்பதற்கு இது சான்று.

இரவச்சம் எழுப்பும் தடை

இரந்து ஈதலை அறமாகக் கொள்வதற்கு ஒரு வலிய தடை உண்டு. இரவச்சம் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இரத்தலைக் கடிந்து பேசுகிறார். இரத்தல் தன்னலத்திற்காக என்றால் மட்டுமே இழிவு என்று கூறி இத்தடையை எளிதில் கடக்க இயலாது. பசுவுக்குத் தண்ணீர் வேண்டினாலும் நாவுக்கு அதனினும் இழிவு வேறில்லை என்கிறது 1066ஆம் குறள். பசுவுக்காக வேண்டுதல் பிறவுயிர்க்காக வேண்டுதலே. அதுவும் இழிவு என்றால் ஆபுத்திரன் செயலும் அம்மணியம்மாள் செயலும் எவ்வாறு அறமாகும்?

இக்குறள் செயலின் பயனைப் பேசவில்லை, இரப்பவர் நா அடையும் இழிவைப் பேசுகிறது என்று கொள்வதே பொருத்தமாகும். பிறர்க்காக இரந்தாலும் இழிவு நீங்குவதில்லை. இரப்பவர் அதனை ஏற்றுக்கொள்கிறார். அவ்வாறாயின் இரந்து ஈவோர் தமது என்று எதனையும் கொடுக்கவில்லை என்னும் கருத்து பிழையாகிறது. அவர் கொடுப்பது தம் மானத்தை. மாறனார் நாளைய வாழ்வைக் கொடுத்தார். கீரைப்பாட்டி உழைப்பைக் கொடுத்தார். அம்மணியம்மாள் வீட்டு வாயில்கள்தோறும் தம் மானத்தைக் கொடுத்தார். செல்வரின் கொடையில் பெரும்பாலும் மிகுதி கழிகிறது. வறியோர் கொடையில் அவர்க்கு இன்றியமையாத ஒன்று கழிகிறது. வள்ளுவரின் கண்டிப்பு இரந்து ஈதலை மறுக்கவில்லை. அதன் விலையை மதிப்பிடுகிறது.

இவ்விளக்கம் செல்வர் கடமையையும் தெளிவாக்குகிறது. பிறர்க்காக ஒருவர் இரக்க நேர்வதே, கேட்குமுன் கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. எனவே வறியோரின் அறச்செயலைப் போற்றுதல் வறுமையைப் போற்றுதல் ஆகாது.

முடிவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. அறவோராதலுக்குச் செல்வ உடைமை தேவையில்லை. அறத்தின் தோற்றுவாய் அன்பு; செல்வம் அதனை வளர்க்கும் துணை.

2. ஈகை என்னும் செயலுக்குப் பொருள் தேவை. வழிபாட்டில் மனத்தால் செய்வது போதுமாயினும், பிறர் பசியைத் தீர்க்க மனம் மட்டும் போதாது.

3. செயலுக்குரிய பொருள் செய்பவரின் உடைமையாக இருக்க வேண்டியதில்லை. வறியவர் பெரும்பணி ஆற்ற இயலாது என்னும் அரிஸ்டாட்டிலின் கருத்து இவ்வேறுபாட்டைக் கருதாமையால் எழுந்தது. ஆபுத்திரனும் அம்மணியம்மாளும் அதற்கு மறுப்பாக அமைகின்றனர்.

4. வறியோர் கொடையின் முதல் உழைப்பு, நாளைய வாழ்வு, மானம் ஆகியன. இவற்றைக் கணக்கில் கொள்ளாத அறவியல் கொடையின் ஒரு பகுதியை மட்டுமே அளக்கும்.

முழுநிலவு நாள்களிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் அன்னதானம் பெருமளவில் நிகழ்கிறது. கொடுப்போர் ஒருபுறமும் பெறுவோர் மறுபுறமுமாக நிற்கும் அவ்வரிசையில் பெறுவோரைப் பெறுவோராக மட்டுமே காணும் வழக்கம் வலுத்துள்ளது. வடக்குக் கோபுரத்தின் பெயரும் கீரைப்பாட்டியின் பெயரும் அவ்வூரிலேயே அவ்வழக்கத்தை மறுத்து நிற்கின்றன. கல்வெட்டில் இடம்பெறாத இத்தகைய கொடையாளர் பற்றிய வாய்மொழிச் செய்திகளைப் பிற கோயில் ஊர்களிலும் தொகுத்து ஆராய்ந்தால், தமிழர் கொடை வரலாறு முழுமை பெறும்.